அறிவிப்பாளர் இல்லாத படங்கள்: பழைய நிழற்படங்களும் நமது ஏக்கமும்

திருவேங்கடம் கரிசல் நிலத்து ஊர். சங்கரன்கோவிலுக்கு வடகிழக்கே, பருத்தியும் மிளகாயும் தீப்பெட்டித் தொழிலும் அறிந்த வட்டாரம் அது. சில ஆண்டுகளுக்கு முன் அவ்வூர்ப் பழைய இரும்புக் கடை ஒன்றின் முன்னால் நிற்க நேர்ந்தது. கடைக்காரர் ஒரு சாக்கிலிருந்து கண்ணாடிபோட்ட படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஆணிகளை நெம்பி, மரச்சட்டத்தை ஒரு பக்கமும் கண்ணாடியை மறுபக்கமும் அடுக்கிக்கொண்டிருந்தார். நடுவிலிருந்த படம் குப்பைக் கூடைக்குப் போயிற்று. ஏனென்று கேட்டதற்கு, “சட்டம் தேக்கு பாய், அதுக்கு விலை உண்டு. படத்த யாரு கேக்கா?” என்றார்.

குப்பைக்குப் போகவிருந்தவற்றுள் ஒன்றை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். துருக்கித் தொப்பி அணிந்த நடுவயது மனிதர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அவர் தோளைத் தொட்டபடி ஒரு சிறுவன். பக்கத்திலிருக்கும் சிறுமேசையில் ஒரு புத்தகம். பின்னால் திரைச்சீலையில் தீட்டிய மாடமும் படிக்கட்டும். சிறுவனின் கால்களில் செருப்பு இல்லை. அட்டையின் கீழ்ப்பகுதி கிழிந்திருப்பதால் நிலையத்தின் பெயர் போய்விட்டது. பின்புறம் வெறுமையாக இருக்கிறது. இன்று அப்படம் என் அறையில் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் அதை வியக்கிறார்கள். “என்ன அழகு! அந்தக் காலமே தனி” என்கிறார்கள். இவர் யார் என்று கேட்டவர்கள் மிகச் சிலர். கேட்டவர்களுக்கும் என்னிடம் விடை இல்லை.

பெயரைத் தொலைத்துவிட்டு அழகை மட்டும் வைத்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்தைப் பற்றியதே இக்கட்டுரை. பழைய நிழற்படங்கள்மீது, அதிலும் அன்றாட வாழ்வைக் காட்டுவனவாகக் கருதப்படும் படங்கள்மீது, இன்று பெரும் ஈர்ப்பு ஏற்பட்டிருக்கிறது. நாட்காட்டிகளிலும் உணவகச் சுவர்களிலும் கைபேசித் திரைகளிலும் அவை நிறைந்திருக்கின்றன. இந்த ஈர்ப்பு குற்றமன்று. ஆயினும் அது எதைக் காட்டி எதை மறைக்கிறது என்று கேட்பது விமர்சனத்தின் கடமை.

கவர்ச்சியின் கூறுகள்

முதலில் நிறத்தைப் பார்ப்போம். பழைய படங்களின் பழுப்பு நிறத்தைக் காலம் பூசிய நிறம் என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். பல படங்களில் அது காலத்தின் வேலையன்று. படத்தின் உருவைத் தாங்கும் வெள்ளியைக் கந்தகச் சேர்மமாக மாற்றினால் கறுப்பு பழுப்பாகும். படமும் நீண்ட நாள் நிலைக்கும். வாடிக்கையாளர் விரும்பியோ நிலையத்தார் பரிந்துரைத்தோ எடுத்த நாளிலேயே ஊட்டிய நிறம் அது. நிலைத்திருக்க வேண்டும் என்பதற்காக அன்று கொடுத்த நிறத்தை மறைந்துபோனதன் அடையாளமாக இன்று நாம் வாசிக்கிறோம். 2010இல் இன்ஸ்டாகிராம் வந்தபோது, நேற்று எடுத்த படத்துக்கும் ஒரு விரல் தொடுதலில் முதுமை பூச முடிந்தது. ஏக்கத்துக்கு இறந்தகாலம்கூடத் தேவையில்லை, அதன் சாயல் போதும் என்பது அப்போது தெளிவாயிற்று.

அடுத்தது அசைவின்மை. பழைய படத்து மாந்தர் விறைத்து நிற்கிறார்கள், சிரிப்பதில்லை. தொடக்க காலத்தில் ஒளி பதிய நெடுநேரம் பிடித்ததால் தலையை அசையாமல் தாங்கிப்பிடிக்கும் கருவிகள் இருந்தன. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அந்தத் தேவை பெரும்பாலும் நீங்கிவிட்டது. அதன் பிறகும் மக்கள் விறைத்தே அமர்ந்தார்கள் என்றால் அது கருவியின் கட்டாயத்தால் அன்று; கண்ணியம் குறித்த கருத்தால். படம் எடுத்துக்கொள்வது சபையில் அமர்வதற்கு ஒப்பான காரியமாக இருந்தது. நாம் அதைக் கண்டு ‘அந்தக் காலத்து மனிதர்களின் எளிமை’ என்கிறோம். அவர்களோ அன்று தம்மிடமிருந்தவற்றுள் மிகச் சிறந்ததை உடுத்தி, இல்லாததை நிலையத்திடம் இரவல் வாங்கி அமர்ந்திருந்தார்கள். கோட்டும் கைக்கடிகாரமும் வானொலிப் பெட்டியும் பல நிலையங்களில் படத்துக்கென்றே இருந்தன.

மூன்றாவது, ஏக்கம் என்னும் உணர்வே. இதைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லை 1688இல் யொஹான்னஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர் தம் ஆய்வேட்டில் ஒரு நோயின் பெயராக உருவாக்கினார். தாயகத்தை விட்டுத் தொலைவில் வாழ்ந்தோரைப் பீடித்த துயரம் அது. ஊருக்குத் திரும்பினால் நோய் தீரும் என்று நம்பினார்கள். பின்னாளில் அச்சொல் இடத்தை விட்டுக் காலத்தின்மேல் ஏறியது. இடத்துக்குத் திரும்பலாம், காலத்துக்குத் திரும்ப இயலாது. ஆகவே இந்த ஏக்கத்துக்குத் தீர்வு இல்லை. தீர்வு இல்லாததே அதன் இன்பம். தாம் வாழ்ந்திராத காலத்தை நினைத்தும் மனிதர்கள் ஏங்குவது இதனால்தான்.

பெயர்கள் ஒருபுறம், அன்றாடம் மறுபுறம்

பழைய படங்கள் அன்றாட வாழ்வைக் காட்டுகின்றன என்று சொல்லும்போது நாம் இரு வேறு ஓடைகளை ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1839இல் பாரிஸில் அறிவிக்கப்பட்ட இக்கலை அடுத்த ஆண்டே கல்கத்தாவை எட்டியது. 1856இல் சென்னையில் நிழற்படக் கழகம் தோன்றியது. சென்னை மாகாண அரசின் படப்பிடிப்பாளராக இருந்த கேப்டன் லின்னியஸ் டிரைப், 1858 வாக்கில் மதுரையிலும் தஞ்சையிலும் திருவரங்கத்திலும் எடுத்த படங்களில் கோபுரங்களும் மண்டபங்களும் கம்பீரமாக நிற்கின்றன; மனிதர்கள் பெரும்பாலும் இல்லை. மனிதர்களைப் படமெடுக்க அரசு முனைந்தபோது அவர்கள் வகைமாதிரிகளாக வந்து சேர்ந்தார்கள். 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ என்னும் ஆங்கில நூலில் நானூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. படத்தின் கீழே பெரும்பாலும் இருப்பது குலத்தின் பெயர் அல்லது தொழிலின் பெயர். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூலும் இந்த வழியிலேயே சென்றது. லெப்பை, மரைக்காயர் பற்றிய பதிவுகளும் அதில் உள்ளன. அஞ்சலட்டைப் படங்கள் பெருகியபோது நெசவாளரும் நீர் சுமக்கும் பெண்ணும் மாட்டுவண்டிக்காரரும் கடல் கடந்து விற்பனையானார்கள். நாம் இன்று ‘அன்றாட வாழ்வு’ என்று ரசிப்பவற்றுள் பெரும்பகுதி இந்த ஓடையைச் சேர்ந்தது. அங்கே அன்றாடம் இருக்கிறது, பெயர் இல்லை.

இரண்டாவது ஓடை உள்ளூர் நிலையங்களுடையது. அங்கே மனிதர்கள் தாமே விரும்பி, தம் காசைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் உள்ளவர்களுக்கு அவர்களுடைய பெயர் தெரியும், முறை தெரியும். ஆனால் அங்கே அன்றாடம் இல்லை. திருமணம், பெயர்ப் பதிவு, பயணம், பிரிவு ஆகியவையே படமெடுக்கும் நாள்கள். நெசவுக் குடும்பம் ஒன்றின் படத்தில் பட்டுச்சேலை இருக்கும், தறி இருக்காது. தார் சுற்றித் தேய்ந்த பெண்ணின் விரல்கள் அசையாமல் மடியில் கிடக்கும். அந்த விரல்கள் நாள் முழுதும் என்ன செய்தன என்பதைப் படம் சொல்லாது, வீட்டார்தான் சொல்ல வேண்டும். வீட்டார் மறைந்தால் இந்தப் படத்திலிருந்து பெயரும் போய்விடும். அன்றாடம் முதலிலிருந்தே இல்லை. எஞ்சுவது அழகு ஒன்றுதான்.

பிரெஞ்சு அறிஞர் ரொலான் பார்த் 1980இல் நிழற்படம் பற்றி எழுதிய நூல் இங்கு நினைவுக்கு வருகிறது. மறைந்த தம் தாயாரின் சிறுவயதுப் படம் ஒன்றைச் சுற்றியே அவர் அந்நூலின் பிற்பகுதியை அமைத்தார். நூலில் வேறு பல படங்கள் இருந்தும் அந்தப் படத்தை மட்டும் அவர் அச்சிடவில்லை. தமக்கு உலகமாக இருக்கும் படம் பிறர்க்கு எத்தனையோ பழைய படங்களில் ஒன்றாகவே இருக்கும் என்று அவர் அறிந்திருந்தார். படத்தின் உயிர் தாளில் மட்டும் இல்லை, அறிந்தவரிடத்திலும் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று தேவையில்லை.

நிழலைப் பற்றிய வாதம்

முஸ்லிம் வீடுகளில் இக்கேள்வி இன்னும் சிக்கலானது. உருவங்கள் குறித்த நபிமொழிகள் நமக்குத் தெரிந்தவையே. ஆயிஷா (ரலி) அவர்கள் உருவங்கள் தீட்டிய திரை ஒன்றைத் தொங்கவிட்டதையும், நபி (ஸல்) அவர்கள் அதை விரும்பாததையும், பின் அத்திரை வெட்டப்பட்டு அமரும் தலையணைகளானதையும் புகாரியும் முஸ்லிமும் பதிவுசெய்துள்ளனர். கையால் வரையும் உருவத்துக்குரிய சட்டம், ஒளியால் பதியும் உருவத்துக்கும் உரியதா என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுப்பிய புதிய வினா. எகிப்தின் முஃப்தியாக விளங்கிய முஹம்மத் பகீத் அல்முதீஈ (மறைவு 1935), நிழற்படத்தை அனுமதித்துத் தனி நூலே எழுதினார். இறைவன் படைத்த உருவத்துக்கு ஒப்பாக இன்னொன்றை உண்டாக்குவது இதில் இல்லை, ஒளியின் துணையால் நிழலைத் தடுத்து வைப்பதே இருக்கிறது என்பது அவருடைய வாதம். வரைபவரின் கற்பனைக்கு அங்கே இடமில்லை.

தமிழில் இக்கலைக்கு ‘நிழற்படம்’ என்று பெயர். முஃப்தியின் வாதம் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. உருதுவிலும் பார்சியிலும் இதைக் குறிக்கும் ‘அக்ஸ்’ என்னும் சொல்லும் பிரதிபலிப்பையே சுட்டும். ஆயினும் இத்துணைக் கண்டத்து ஆலிம்களில் பலர் இதை ஏற்கவில்லை. கருவி மாறினாலும் விளைவு உருவமே என்றார்கள் அவர்கள். 1912இல் கல்கத்தாவில் மௌலானா அபுல் கலாம் ஆஸாத் தொடங்கிய ‘அல்ஹிலால்’ இதழ் நிழற்படங்களோடு வெளிவந்தபோது, அச்சுத் தொழிலுக்கும் மார்க்கச் சிந்தனைக்கும் இடையே ஒரு புதிய காட்சி அரங்கேறியது. வாதம் முடிவுக்கு வருமுன் தேவை முந்திக்கொண்டது. முதல் உலகப்போருக்குப் பின் கடவுச்சீட்டு முறை உலகெங்கும் பரவியதால், கொழும்புக்கும் இரங்கூனுக்கும் மலாயாவுக்கும் தொழில் தேடிப் போனவர்களின் பிள்ளைகள் வேண்டியோ வேண்டாமலோ படப்பெட்டியின் முன் அமர்ந்தார்கள். பின்னாளில் ஹஜ்ஜுக்குச் செல்வோருக்கும் அதுவே நியதியாயிற்று. வாழ்நாளில் ஒரே ஒரு படம், அதுவும் புனிதப் பயணத்துக்காக எடுத்த மார்பளவுப் படம் என்னும் நிலையில் வாழ்ந்து மறைந்தோர் நம் சமூகத்தில் ஏராளம்.

பேணுதலால் படம் எடுக்காதவர்களை நாம் குறைசொல்ல முடியாது. மார்க்கத்துக்காக ஓர் இன்பத்தைத் துறந்தவர்கள் அவர்கள். ஆனால் அந்தத் துறவின் விளைவாக, படங்களைக் கொண்டு மட்டும் கடந்த காலத்தை எண்ணுகிறவனின் பார்வையில் அவர்கள் வாழவே இல்லை என்றாகிவிடுகிறது. மூதாட்டியர் பலரின் முகம் எந்தத் தாளிலும் இல்லை. பழைய படங்களின் திரட்டு ஒன்றைப் பார்த்து ‘இதுதான் அன்றைய வாழ்வு’ என்று சொல்கிறவர், படமெடுக்க வசதியும் விருப்பமும் இருந்தவர்களின் வாழ்வை மட்டுமே சொல்கிறார்.

அழிக்கப்பட்ட கையொப்பம்

மனித உருவத்தைத் தவிர்த்த வீட்டுச் சுவர்களில் மக்கா, மதீனாப் படங்கள் தொங்கின. சிவகாசி அச்சகங்கள் அவற்றை நாட்காட்டிகளாக வீடுதோறும் சேர்த்தன. அந்தப் புனித நகரங்களை முதன்முதலில் நிழற்படமாக்கியவர் சாதிக் பே என்னும் எகிப்தியப் படை அதிகாரி. 1861இல் மதீனாவையும் 1880இல் மக்காவையும் அவர் படம்பிடித்தார். அவருக்குப் பின் வந்த மக்காவாசி ஒருவரின் கதை நம் பொருளுக்கு மிக நெருக்கமானது.

டச்சு அறிஞர் ஸ்னூக் ஹுர்க்ரொன்யே 1885இல் சில மாதங்கள் மக்காவில் தங்கியிருந்து, அவ்வாண்டே வெளியேற்றப்பட்டார். அங்கே அவருக்குப் பழக்கமான சையித் அப்துல் கஃப்பார் என்னும் மருத்துவர் நிழற்படக் கலையில் தேர்ந்தவராகி, மக்கா நகரையும் அங்கு வந்த ஹாஜிகளையும் படமெடுத்து அவருக்கு அனுப்பிவந்தார். தாம் எடுத்த படத்தின்மீது தம் பெயரை அரபியில் பொறித்தும் வைத்தார். 1889இல் ஹுர்க்ரொன்யே வெளியிட்ட படத்தொகுப்பில் அந்தப் படங்கள் இடம்பெற்றன, பெயர் இடம்பெறவில்லை. பொறித்திருந்த கையொப்பமும் நீக்கப்பட்டிருந்தது. மக்காவில் ஒரு மருத்துவர் என்னும் பொதுக் குறிப்பாக அவர் சுருங்கிப்போனார். கையொப்பம் அழியாத பிரதிகள் வேறிடங்களில் எஞ்சியிருந்ததால்தான் ஒரு நூற்றாண்டுக்குப் பின் அவருக்குரிய இடம் மீண்டது.

இது காலனிய காலத்துக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. மாலி நாட்டின் பமாக்கோ நகரில் 1948 முதல் 1962 வரை நிலையம் நடத்தியவர் செய்து கெய்த்தா. பூவேலைத் துணிகளைப் பின்திரையாக்கி, தம் ஊர் மக்களைத் தோழமையோடு படமெடுத்த கலைஞர். 1991இல் நியூயார்க்கில் நடந்த ஆப்பிரிக்கக் கலைக் கண்காட்சி ஒன்றில் அவருடைய படங்கள் வைக்கப்பட்டபோது, ‘பெயர் தெரியாதவர்’ என்றே அவற்றின் கீழ் எழுதியிருந்தார்கள். அவர் அப்போது பமாக்கோவில் உயிரோடு இருந்தார். தேடிச் சென்றவர்கள் அவரைக் கண்டுபிடித்த பின் அவருடைய புகழ் உலகெங்கும் பரவியது. எனினும் அவர் படங்களில் நம்மை நோக்கி அமர்ந்திருக்கும் பெண்களும் ஆண்களும் பெரும்பாலும் இன்னும் பெயரற்றவர்களே. பாகிஸ்தானின் அகதி முகாமில் 1984இல் படமெடுக்கப்பட்டு, 1985இல் ‘நேஷனல் ஜியாகிரஃபிக்’ இதழின் அட்டையில் வந்த ஆப்கன் சிறுமியின் பச்சைக் கண்களை உலகமே அறிந்தது. ஷர்பத் குலா என்னும் அவருடைய பெயரை உலகம் 2002இல்தான் அறிந்தது.

இந்த மூன்று நிகழ்வுகளிலும் அழகுக்குக் குறைவில்லை, பெயர் மட்டுமே குறைவு. கண்காட்சி அரங்கில் நின்று அழகை மெச்சுவதும், பழைய இரும்புக் கடையில் சட்டத்தை எடுத்துக்கொண்டு படத்தை எறிவதும் வேறு வேறு செயல்கள்தாம். ஆனால் இவர் யார் என்னும் கேள்வி இரண்டு இடத்திலும் எழவில்லை.

இஸ்நாத் என்னும் ஒழுங்கு

நம் மரபில் இதற்கு ஒரு மாற்று உண்டு. ஒரு செய்தி எவ்வளவு அழகாக இருந்தாலும், யாரிடமிருந்து யார் கேட்டு நமக்குச் சொன்னார் என்று அறியாமல் ஹதீஸ் கலை வல்லார் அதை ஏற்றுக்கொண்டதில்லை. அறிவிப்பாளர் தொடராகிய இஸ்நாதை மார்க்கத்தின் பகுதியாகவே அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்) கருதினார். தொடர் அறுந்திருந்தால் அது எங்கே அறுந்தது என்று சொல்வதற்கும் தனிச் சொற்கள் இருந்தன. அறிவித்தோர் எங்கே பிறந்தார்கள், எப்போது மறைந்தார்கள், நினைவாற்றல் எத்தகையது, ஒருவர் மற்றவரைச் சந்தித்திருக்க இயலுமா என்றெல்லாம் ஆராய்ந்து ஒரு பெருங்கலையே எழுப்பினார்கள்.

குடும்பப் படத்தை நபிமொழியோடு ஒப்பிடுவது என் நோக்கமன்று. ஒன்று மார்க்க ஆதாரம், மற்றது நினைவுப்பொருள். நான் சுட்டுவது ஒரு மனப்பழக்கத்தை. செய்தியை ரசிக்குமுன் அதன் வழியைக் கேட்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று. யார், எங்கே, எப்போது, எடுத்தவர் எவர், இதைச் சொன்னவர் எவர் என்னும் ஐந்து வினாக்களுக்கு விடையோடு வரும் படம் வரலாறாகும். விடையில்லாமல் வரும் படம் அலங்காரமாகிவிடும். இன்று கைபேசியில் உலவும் பழைய படங்களுள் எத்தனையோ வேறொரு நாட்டுப் படம், வேறொரு ஆண்டு, வேறொரு மனிதர் என்று பின்னர் தெரியவருகின்றன. அதற்குள் ஆயிரம் பேர் கண் கலங்கியிருப்பார்கள். கண்ணீர் மெய்யாக இருக்கலாம், அதற்குக் காரணமான செய்தி பொய்யாகிவிடுகிறது.

இஸ்நாத் அறுந்த படத்திலும் சிலவற்றைக் கவனமாக வாசிக்க முடியும். என்னிடமுள்ள படத்தின் துருக்கித் தொப்பி ஒரு சிறு குறிப்பு. கிலாஃபத் இயக்க காலமான 1919 முதல் 1924 வரை அத்தொப்பிக்குத் தனிப்பொருள் இருந்தது. 1925இல் துருக்கியே அதைத் தடைசெய்தது. தமிழ் முஸ்லிம்களில் பலர் அதன் பிறகும் அணிந்தார்கள். எனவே தொப்பி ஆண்டைச் சொல்லாது, ஒரு மனச்சார்பைச் சொல்லலாம். மேசைப் புத்தகம் நிலையத்துக்கு உரியதாக இருக்கலாம். சிறுவனின் வெறுங்கால் மட்டும் இரவல் அன்று. கோட்டு இரவல் தந்தவர் செருப்புத் தரவில்லை, அல்லது படத்தில் கால் விழும் என்று எவரும் எண்ணவில்லை. அந்த வெறுங்காலில்தான் அன்றாடம் தற்செயலாக உள்ளே நுழைந்திருக்கிறது. இதற்குமேல் சொன்னால் அது என் கற்பனையாகும்.

ஊரும் கடல் கடந்த ஊரும்

தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்துக்கு இந்த ஒழுங்கு இன்னும் அவசரமானது. நெசவு நலிந்தும் வறுமை மிகுந்தும் இங்கிருந்து சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் சென்ற முஸ்லிம்கள், மற்ற ஊர் வணிகர்களைப் போல ஆண்கள் மட்டும் செல்லாமல், பெண்களையும் பிள்ளைகளையும் உடனழைத்துக் குடும்பமாகச் சென்றார்கள். அங்கே 1941இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்னும் அமைப்பைக் கண்டார்கள். 1946இல் உமறுப் புலவர் பெயரால் அவர்கள் தொடங்கிய தமிழ்ப் பள்ளி 1982 வரை இயங்கியது. இந்தக் குடும்பங்களின் படங்கள் இரு கரைகளிலும் சிதறிக் கிடக்கின்றன. அக்கரையில் எடுத்து இக்கரைக்கு அனுப்பியவை சில, இக்கரையில் எடுத்துக் கடிதத்துக்குள் மடித்து அனுப்பியவை சில. ஒரு கரையில் படம் இருக்கிறது, மறுகரையில் பெயர் தெரிந்த கிழவி இருக்கிறார். இரண்டும் சந்திக்குமுன் ஒன்று அழிந்துவிடுகிறது.

தமிழகத்து நிலையங்களின் படங்களைக் காக்கும் பெருமுயற்சி ஒன்று நடந்திருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான படங்களைத் தேடி மின்னுருவாக்கினார்கள். இன்று எவரும் அவற்றை இணையத்தில் காணலாம். இது பாராட்டத்தக்க பணி. எனினும் நிலையங்களிலிருந்து கிடைத்த படத்தில் இருப்பவரின் பெயரை ஆய்வாளர் எங்கே தேடுவார்? நூலகம் தாளைக் காக்கும், பெயரைக் காக்க வேண்டியது வீடு. 2010இல் அனுஷா யாதவ் தொடங்கிய ‘இந்திய நினைவுத் திட்டம்’ இந்த இடைவெளியை உணர்ந்து, குடும்பத்தார் எழுதிய வரலாற்றோடு சேர்த்தே ஒவ்வொரு படத்தையும் வெளியிட்டது. அதுவே சரியான வழி என்பது என் கருத்து.

பெயரும் வரலாறும் சேர்ந்து வரும்போது ஏக்கத்தின் இனிமை சற்றுக் குறையும் என்பதையும் சொல்லியாக வேண்டும். தோப்பில் முஹம்மது மீரானின் ‘சாய்வு நாற்காலி’ 1997இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. அந்நாவலில் முஸ்தபாக்கண்ணு முன்னோரின் பெருமையில் சாய்ந்துகொண்டு, வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்கிறார். சாய்வு நாற்காலியும் பெரிய வீடும் நிழற்படத்தில் எவ்வளவு எழிலாக இருக்கும்! அந்த வீட்டுப் பெண்கள் பட்ட துன்பத்தை நாவல் சொன்னது, படம் சொல்லியிருக்காது. அந்தக் காலமே தனி என்று நாம் பெருமூச்சு விடும் படத்திலிருப்பவரிடம் கேட்டிருந்தால், அவர் பசியைச் சொல்லியிருப்பார், கடனைச் சொல்லியிருப்பார், பிறந்து மறைந்த குழந்தைகளின் எண்ணிக்கையைச் சொல்லியிருப்பார். பெயர் தெரிந்தவரைப் பார்த்து வெறுமனே ஏங்க முடியாது. அவருக்காகத் துஆச் செய்யத் தோன்றும். ஏக்கத்தைவிட அது மேலானது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. வீட்டார் பார்வைக்கென எடுத்த பெண்களின் படங்களை, பழைமை என்ற ஒரே காரணத்துக்காகப் பொதுவெளியில் பரப்புவது முறையன்று. மறைந்தவர் அனுமதி தர இயலாதவர். அவருடைய படம் நம்மிடம் இருப்பது அமானிதமாக. பெயரை எழுதி வைப்பது வேறு, ஊரறியக் காட்டுவது வேறு. முன்னது கடமை, பின்னது குடும்பத்தின் விருப்பத்துக்குரியது.

செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. பெட்டியின் அடியிலுள்ள படங்களை எடுத்து, வீட்டின் மூத்த பெண்ணருகில் ஒரு மாலை அமர வேண்டும். நன்னியும் பெரியம்மாவும் சொல்லும் பெயரையும் ஊரையும் முறையையும், சொன்னவர் பெயரோடு சேர்த்து, மென்மையான கரிக்கோலால் படத்தின் பின்புறம் அழுத்தாமல் எழுத வேண்டும். மை ஊறிக் கெடுக்கும். தெரியாததைத் தெரியவில்லை என்றே எழுத வேண்டும்.

என்னிடமிருக்கும் படத்தின் பின்புறத்திலும் இப்போது மூன்று வரிகள் உள்ளன. திருவேங்கடத்தில் பழைய இரும்புக் கடையிலிருந்து பெற்றது. எடுத்த நிலையமும் ஆண்டும் தெரியவில்லை. இருவர் பெயரும் தெரியவில்லை. அறிந்தவர் எவரேனும் இதைக் கண்டால் இதன் கீழே எழுதுக.